சம்மனை பீரோவில் வைக்காதீர்கள்

"சம்மன்" என்ற சொல்லைக் கேட்டாலே நம் வயதுக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். "கோர்ட் படி ஏறாத குடும்பம்" என்பதை ஒரு பட்டம்போலச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அதனால் இன்சூரன்ஸ் இல்லாத ஸ்கூட்டருக்காக 68 வயதில் ஒரு சம்மன் வந்தால், ஏதோ கொலைக் கேஸில் மாட்டிக்கொண்டதுபோல் ஒடுங்கிப்போகிறோம். அந்தக் காகிதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. மகனிடம் சொல்வதில்லை. மருமகள் காதில் விழுந்தால் மானம் போய்விடும் என்று நினைப்பு.

மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் பெஞ்ச் கிளார்க்காகவும் தலைமை எழுத்தராகவும் நெடுங்காலம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்மன் என்பது பதில் கேட்டு வந்த கடிதம். அதற்குப் பயப்படாமல் நேரில் போய் உண்மையைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நாம் உண்மையில் பயப்பட வேண்டியது அந்தச் சம்மனுக்குக் காரணமான காலாவதி பாலிசியைப் பார்த்து. ஆனால் நம்மில் பலர் சம்மனைப் பார்த்து நடுங்குகிறார்கள், பாலிசியைப் பற்றிக் கவலையே படுவதில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கட்டாய இன்சூரன்ஸ் நேற்று வந்ததல்ல. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கு ஓர் அத்தியாயம் இருந்தது; அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-இல். இப்போது இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. 196-ஆம் பிரிவு அதற்கான தண்டனை. முதல் முறை என்றால் 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் அபராதம் 4,000. 2019 செப்டம்பர் 1-க்கு முன்பு அபராதம் 1,000 ரூபாய் வரைதான் இருந்தது.

196-ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வண்டியை ஓட்டியவர் மட்டும் குற்றவாளி அல்ல. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்ட விட்டவரும் குற்றவாளிதான். "நான் ஓட்டவே இல்லை, பேரன்தான் டியூஷனுக்கு எடுத்துப் போனான்" என்று கூண்டில் நின்று சொல்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறார். அவர் இன்னும் ஆழமாகத்தான் இறங்குகிறார். பேரனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அது வேறு பிரிவு, 199அ. அதில் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

சரி, சம்மன் வீட்டுக்கு வந்துவிட்டது. என்ன செய்வது?

வாங்க மறுக்காதீர்கள். "அவர் ஊரில் இல்லை" என்று மனைவியை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். முன்பெல்லாம் ஆள் இல்லாவிட்டால் குடும்பத்தில் வயது வந்த ஆண் ஒருவரிடம்தான் சம்மனைக் கொடுக்க முடியும். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த 'ஆண்' என்ற சொல் போய்விட்டது. உடன் வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினர் யாரிடம் கொடுத்தாலும் சேர்ப்பித்ததாகவே கணக்கு. ஆகவே அம்மாக்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வாங்கியதை அன்றைக்கே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். ஐந்து விஷயங்களைத் தேட வேண்டும். எந்த கோர்ட், எந்தத் தேதி, வழக்கு எண் (எஸ்.டி.சி. என்று தொடங்கினால் சுருக்க விசாரணை வழக்கு, பயப்பட ஒன்றுமில்லை), எந்தப் பிரிவு, எந்த வண்டி, எந்தத் தேதியில். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறி வேறொருவர் வழக்கு நம் வீட்டுக்கு வருவதும் உண்டு.

அடுத்து, சம்பவ தேதியன்று உங்கள் பாலிசி உயிரோடு இருந்ததா என்று பாருங்கள். இன்றைக்கு இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. சிலர் போலீஸ் பிடித்த அன்று சாயங்காலமே ஓடிப்போய் பாலிசி எடுத்து, அதைப் பெருமையாக நீட்டுவார்கள். பாலிசியில் தேதி மட்டுமல்ல, எத்தனை மணியிலிருந்து செல்லும் என்பதும் அச்சிட்டிருக்கும். காலையில் பிடிபட்ட வண்டிக்கு மாலையில் எடுத்த பாலிசி உதவாது. இருந்தாலும் எடுங்கள். இனி வண்டி எடுக்க வேண்டுமே!

சம்பவ தேதியில் பாலிசி இருந்தது, கையில் காகிதம்தான் இல்லை என்றால், விஷயமே வேறு. இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எங்கள் கோர்ட்டுக்கு வந்தார். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் கை கட்டிக்கொண்டு நின்றார். மாஜிஸ்திரேட், "இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியதாக வழக்கு. ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா" என்று உடனே சொல்லிவிட்டார். அபராதம் எழுதியாகிவிட்டது. ஆபீஸில் பணம் கட்ட வந்தவர், மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் காட்டினார். சம்பவ தேதியைத் தாண்டி இன்னும் நான்கு மாதம் செல்லக்கூடிய பாலிசி! "இதை ஏன் சார் உள்ளே காட்டவில்லை?" என்றேன். "பெரியவங்க கேட்கும்போது எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு..." என்றார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்தவர், பயத்தில் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

அவர் செய்திருக்க வேண்டியது என்ன? 158-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. போலீஸ் கேட்ட நாளிலிருந்து 7 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் சான்றிதழை, தான் குறிப்பிட்ட காவல் நிலையத்தில் காட்டிவிட்டால், உடனே காட்டவில்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது. அதையும் தவறவிட்டு வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டாலும், "பாலிசி இருந்தது ஐயா, இதோ" என்று நீட்டலாம். அது எதிர்த்துப் பேசுவது ஆகாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில், அவ்வளவுதான். இப்போது இன்னும் சுலபம். 2018 நவம்பரிலிருந்து டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணங்களையும் ஏற்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது. பேத்தியிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் உங்கள் போனில் ஏற்றித் தருவாள்.

பாலிசி உண்மையிலேயே இல்லை என்றால், ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், கோர்ட்டுக்கே போகாமல் முடித்துத் தருவார்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்டவர்களிடம் பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் பெயரில் வாரண்ட் தயாரானதை நானே எழுதியிருக்கிறேன். வாங்கிய பணம் கோர்ட் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்காது.

வரவே முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லையா? வக்கீல் மூலம் ஆஜராகலாம். 208-ஆம் பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. சிறைத் தண்டனைக்கும் இடமுள்ள குற்றம் என்பதால் இதில் கோர்ட்டின் விருப்பம்தான்; ஆனால் கோர்ட் சம்மனிலேயே எழுதிக் கொடுத்தால், குறித்த தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையை மணியார்டரில் அனுப்பலாம். ஒப்புதலை மணியார்டர் கூப்பனிலேயே எழுதலாம் என்கிறது சட்டம். எந்தக் காலத்தில் எழுதிய சட்டம் என்று தெரிகிறதல்லவா! வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரிக்கலாம். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

எதுவுமே செய்யாமல் இருந்தால்? சில வாய்தா பார்த்துவிட்டு கோர்ட் வாரண்ட் போடும். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இப்படித்தான் சம்மனை ஒளித்துவைத்திருந்தார். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கான்ஸ்டபிள் வாசலில் வந்து நின்றார். வெளியூரில் இருக்கும் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மறுநாள் கோர்ட்டில் வாரண்டை ரத்து செய்து, அபராதம் கட்டி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார். யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒளித்ததுதான் ஊருக்கே தெரிய வைத்தது.

போலி சம்மன்களும் இப்போது உலவுகின்றன. வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்குச் செலான்" என்று ஒரு செய்தியோடு, இறக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு ஃபைல் வரும். தொட்டால் பேங்க் கணக்கு காலி. அரசாங்கத் தளங்களின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். சந்தேகம் இருந்தால் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், பரிவாகன் தளத்துக்கு நீங்களாகப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு வரும் சம்மன்களில் இரண்டு வகை தனியானவை.

ஒன்று, விற்ற வண்டி. ரிடையர் ஆனபோது பழைய ஸ்கூட்டரை மெக்கானிக்கிடமோ பால்காரரிடமோ தள்ளிவிட்டிருப்போம். ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்து, படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்போம். வாங்கியவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போயிருக்க மாட்டார். விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50-ஆம் பிரிவு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போதோ விற்ற வண்டிதான் என்றாலும், இன்றைக்கே பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

இன்னொன்று மனதுக்குக் கஷ்டமானது. கணவர் காலமாகிவிடுகிறார். வண்டி வாசலில் நிற்கிறது. இன்சூரன்ஸ், வரி எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். எப்போது கட்டுவார், எங்கே வைப்பார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. மகன் அவசரத்துக்கு வண்டியை எடுத்துப் போகிறான். சில மாதம் கழித்து இறந்தவர் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. அப்படி ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். விதி என்னவென்றால், சொந்தக்காரர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் வாரிசு 3 மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காரியம் முடிந்த வீட்டில் யாருக்கு இதெல்லாம் நினைவிருக்கும்? ஆகவே நாம் இருக்கும்போதே மனைவிக்கு வண்டிக் காகிதங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிவைப்பது நல்லது.

"எல்லாம் அரசாங்கம் பணம் பறிக்கும் வேலை" என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் 1-இல் வந்த விகிதப்படி ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. இந்தப் பணம் நம் வண்டிக்காகக் கட்டுவதல்ல. நாம் இடித்துவிட்டால் அடிபடுகிறவருக்காகக் கட்டுவது. அடிபடுகிறவர் பெரும்பாலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், ரோட்டோரம் நடக்கிறவர்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரை இடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அபராதம் கட்ட வரும் கூட்டத்தில் பார்க்க முடியாது. அதை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பார்க்க வேண்டும். கால் போன கொத்தனார் ஒருவருக்குப் பல லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. எதிர்த் தரப்பில் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை, ஓய்வுபெற்ற ஒரு மனிதர் மட்டும். கொத்தனாரின் மனைவி வாய்தாவுக்கு வாய்தா கைக்குழந்தையோடு வந்தாள். வசூலிக்க முடியாமல் வருஷங்கள் ஓடின. 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பினால் நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம். அரசுப் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. நாம் ஊரில் கட்டிய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைசியில் அந்தப் பெரியவரின் வீடு விலைக்குப் போனது. அவர் மிச்சம் பிடித்தது ஒரு வருடப் பிரீமியம். இரண்டு குடும்பங்களும் நடுத்தெருவுக்கு வந்ததைப் பார்த்த பிறகு, 2,000 ரூபாய் அபராதம் அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கே நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு, காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் பாலிசியை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும் என்று ஆனது. கோவை எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் பயன் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்பு, பொங்கலுக்குப் பின்பு என்று நினைவு வைத்துப் புதுப்பித்த பழக்கம் அதோடு போய்விட்டது. 5 ஆண்டு எப்போது முடிந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அந்தச் சமயத்தில் வாங்கிய வண்டிகளின் பாலிசி 2023 செப்டம்பரிலிருந்து ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வருகிறது.

இன்னொரு தவறான நம்பிக்கை: "எல்.ஐ.சி. மாதிரி 30 நாள் சலுகை இருக்கும்." மோட்டார் பாலிசிக்குச் சலுகை நாள் கிடையாது. 90 நாள் என்று சொல்வது, கிளைம் வாங்காததற்கான தள்ளுபடி போகாமல் இருப்பதற்குத்தான். பாலிசி முடிந்த நள்ளிரவுக்குப் பிறகு வண்டி ரோட்டுக்கு வந்தால் அது இன்சூரன்ஸ் இல்லாத வண்டிதான்.

நமக்கு இவ்வளவு சொன்னேன். அதிகாரத்தில் இருப்பவர்களிடமும் கேட்க மூன்று விஷயங்கள் உண்டு. சம்மனில் பிரிவு எண்ணை மட்டும் எழுதாமல், என்ன குற்றம், என்னென்ன வழிகள் உண்டு என்று நாலு வரி நல்ல தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அந்தத் தலைமை ஆசிரியர் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார். செலான் செய்தியை, வண்டி வாங்கியபோது ஷோரூம் பையன் பதிவு செய்த ஏதோ ஒரு போன் எண்ணுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல், வயதானவர்களுக்குத் தபாலிலும் ஒரு காகிதம் அனுப்பலாம். கோர்ட்டில் 10.30-க்கு வந்த முதியவரை மாலை வரை நிற்க வைக்காமல் முதலில் கூப்பிடலாம், உட்கார ஒரு பெஞ்ச் போடலாம். வயதைக் காட்டி அபராதத்தில் தள்ளுபடி கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. 70 வயதுக்காரர் ஓட்டிய வண்டி இடித்தாலும் எலும்பு உடையத்தான் செய்யும்.

இதைப் படித்து முடித்ததும் வண்டியின் பாலிசியை எடுத்து, முடியும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியை வீட்டுத் தினசரி காலண்டரில் வட்டமிடுங்கள். அடுத்த வருஷம் என்றால் பஞ்சாங்கத்தின் அட்டையில் எழுதிவையுங்கள். பீரோவில் ஏற்கெனவே ஏதாவது காகிதம் ஒளிந்திருந்தால், அதையும் வெளியே எடுத்து இன்றைக்கே மகனிடமோ மகளிடமோ காட்டிவிடுங்கள்.